கோரையும் கேன்டீன் வினிகரும்

எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. ஒரு விஷயம் ஏன் அப்படி நடந்தது என்று தெரியாவிட்டால் அன்றைக்குச் சோறு இறங்காது. பள்ளிக்கூட நாளில் மிக்ஸி ஏன் சூடாகிறது என்று பார்க்கத் திருப்புளியை எடுத்து, அம்மாவிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டவள் நான். மிக்ஸியோடு போயிருந்தால் பரவாயில்லை. அதே பழக்கம் பிற்பாடு ஆறு பெண்களின் பிழைப்புக்கு உலை வைத்தது. அதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். என்னை நல்லவளாகக் காட்டிக்கொள்ள இதில் இடமே இல்லை.

புத்தாயிரம் பிறந்து மூன்று நான்கு வருடம் ஆகியிருக்கும். தென்காசிப் பக்கத்திலிருந்து பி.காம். முடித்துவிட்டு வந்து, சுங்குவார்சத்திரத்தில் ஒரு மாடி அறையில் இன்னும் மூன்று பெண்களோடு தங்கியிருந்தேன். அவர்கள் மூவருக்கும் கம்பெனிகளில் உற்பத்தி லைனில் வேலை, வாரம் ஒரு ஷிப்ட். எனக்கு மட்டும் மண்ணூர்ப் பக்கம் ஒரு கார் உதிரிபாகக் கம்பெனியில் அட்மின் அசிஸ்டென்ட் உத்தியோகம். அட்மின் என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். கம்பெனி பஸ், கேன்டீன் டோக்கன், யூனிபார்ம், கழிவறை சோப்பு என்று யாரும் தன்னுடையது என்று சொல்லாத வேலையெல்லாம் எங்கள் தலையில்தான் விழும். அப்படி விழுந்த ஒன்றுதான் தோட்டம்.

தோட்டம் என்றால் ஆபீசுக்கு முன்னால் ஒரு பெரிய லான், அதன் ஓரமாகக் கேட்டிலிருந்து வாசல் வரை பேவர் பிளாக் பதித்த நடைபாதை. லானில் விலை கொடுத்து வாங்கிப் பதித்த புல் கொஞ்சம், மீதியெல்லாம் கோரை. நடைபாதையில் ஒவ்வொரு கல்லின் இடுக்கிலும் அருகும் கோரையும் முளைத்துக்கொண்டே இருக்கும். அதைப் பிடுங்க கான்ட்ராக்டில் ஆறு பெண்கள் வந்தார்கள். ஆளுக்கொரு களைக்கொத்தும் கோணிப்பையுமாக வரிசையாகக் குந்தி, லானின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு நகர்ந்துகொண்டே போவார்கள். மறு கோடியை எட்டும்போது ஆரம்பித்த இடத்தில் மறுபடி முளைத்திருக்கும். காலையில் நான் போய்த் தலையை எண்ணி, பதிவேட்டில் ஆறு என்று போட்டுக் கையெழுத்து வைத்துவிட்டு வருவேன். கான்ட்ராக்டருக்கு அது போதும்.

அந்த வரிசையில் முதல் ஆளாகக் குந்துகிற அக்கா ஒருத்தி இருந்தாள். முப்பது வயதிருக்கும். மண்ணூருக்குப் பக்கத்துக் கிராமம், பள்ளிக்கூடம் போகிற இரண்டு பெண் குழந்தைகள், லோடு ஏற்றப் போகும் புருஷன். வேலை வந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை என்கிற மாதிரி வேலை அவனுக்கு. அதனால் அந்த வீடு நடந்தது இவள் களைக்கொத்தில்தான். இதை அவளே வாயைத் திறந்து சொல்லியிருக்கிறாள், அழுகையாக இல்லை, சும்மா பேச்சோடு பேச்சாக. கம்பெனி வருமுன்னே அவர்களுடைய நிலம் இந்த மதில் ஓரத்தில்தான் இருந்ததாம்.

"இங்கதான் எங்க வேர்க்கடல போட்டிருந்தோம். அப்பவும் இந்தக் கோரையோடதான் மாரடிச்சோம், இப்பவும் இதோடதான் மாரடிச்சிகினு கீறோம். இப்ப இன்னா, நெழலுக்குப் பக்கத்துல பில்டிங் கீது."

நான் எங்கள் ஊர்ப் பேச்சில் சொல்லுதேன், வாரேன் என்பது அவர்களுக்குப் பெரிய வேடிக்கை. எதைக் கேட்டாலும், "சொல்லுதேன்னு சொல்லு பாப்பா" என்று இழுத்துச் சிரிப்பார்கள். எனக்கு முதலில் சுருக்கென்று கோபம் வந்தது. பிறகு அவர்கள் 'இன்னா' என்பதை நானும் சொல்லிக் காட்டி வம்புக்கு இழுக்க ஆரம்பித்தேன்.

களை பிடுங்கும்போது மூக்கிரட்டையும் பருப்புக்கீரையும் கிடைக்கும். கம்பெனிக்கு அது களை, அவர்களுக்கு ராத்திரிக் குழம்பு. மடியில் கட்டிக்கொண்டு போனால் கேட்டில் செக்யூரிட்டி நிறுத்துவார். கம்பெனியிலிருந்து எந்தப் பொருள் வெளியே போனாலும் கேட் பாஸ் வேண்டும் என்பது சட்டம். ஒரு நாள் இந்த ரகளை முற்றி, நானே ஒரு கேட் பாஸ் எழுதினேன். பொருள்: கீரை. அளவு: ஆறு மடி. திரும்ப வருமா என்ற இடத்தில் 'வராது' என்று டிக் செய்தேன். செக்யூரிட்டி அதை ஃபைலில் குத்தி வைத்துக்கொண்டார். அதன் பிறகு வாரம் இரண்டு தரம் எழுதிக் கொடுத்தேன்.

அட்மின் மேனேஜருக்குக் களை என்றால் ஆகாது. வெளிநாட்டிலிருந்து தலைமை அலுவலக ஆட்கள் வருகிற அன்றைக்குக் காலையில், கேட்டிலிருந்து ஆபீஸ் வரை சாவியைத் தொலைத்தவர் மாதிரி தரையைப் பார்த்துக்கொண்டே நடப்பார். ஒரு கோரைத் தலை தெரிந்தால் போதும், என்னைக் கூப்பிட்டனுப்புவார். களைக்கொல்லி வாங்கலாம் என்றால் அதுவும் முடியாது. சுற்றுச்சூழல் சான்றிதழுக்காக அப்போது நாங்கள் நாயாய் அலைந்துகொண்டிருந்தோம். ஸ்டோரில் விஷ டப்பா ஒன்று இருந்தால் ஆடிட்டர் அதைப் பிடித்துக்கொண்டு நாள் முழுக்கக் கேள்வி கேட்பார்.

இந்த நிலையில்தான் ஒரு வெள்ளிக்கிழமை கேன்டீன் பின்பக்கம் காலி கேஸ் சிலிண்டர்களை எண்ணப் போனேன். கை கழுவும் இடத்துக்குப் பக்கத்தில், பேவர் பிளாக் இடுக்குகளில் ஒரு பாய் அகலத்துக்குப் புல் அத்தனையும் கருகிக் கிடந்தது. சுற்றிலும் பச்சை, நடுவில் மட்டும் காய்ந்த வைக்கோல் நிறம். முந்தின நாள் அந்த வழியாகப் போனபோது அது பச்சையாக இருந்ததை என் கண்ணால் பார்த்திருந்தேன். சிலிண்டரை அப்படியே விட்டுவிட்டு அங்கேயே குந்திவிட்டேன்.

கேன்டீன் மாஸ்டரைக் கூப்பிட்டு, "இங்க என்னத்தக் கொட்டுனீங்க?" என்று கேட்டேன். திட்டத்தான் வந்திருக்கிறேன் என்று நினைத்து, "ஒண்ணுமே கொட்டல மேடம்" என்று அந்த மனிதர் சாதித்தார். திட்ட வரவில்லை, தெரிந்துகொள்ள வந்தேன் என்று புரிய வைப்பதற்குள் எனக்குத் தொண்டை வறண்டுவிட்டது. கடைசியில் ஒவ்வொன்றாக வெளியே வந்தது. சோறு வடித்த கஞ்சி கொட்டியிருக்கிறார்கள். பாத்திரம் கழுவிய சோப்புத் தண்ணீரும் ஊறுகாய் ஜாடி அலம்பிய உப்புத் தண்ணீரும் அங்கேதான். வியாழக்கிழமை ஃபிரைட் ரைஸுக்கு மேஜை மேஜையாக வைப்பார்களே, வினிகரில் ஊறிய பச்சைமிளகாய், அதில் மீந்துபோனதும் அங்கேதான்.

இத்தனை பேர் இருக்கையில் கொலைகாரன் யார்? எனக்குச் சோறு இறங்கவில்லை.

திங்கட்கிழமை மதியச் சாப்பாட்டு நேரத்தில் டிரெயினிங் ரூமிலிருந்து சாக்பீஸ் எடுத்துக்கொண்டு போய், நடைபாதையின் ஓரத்தில் கட்டம் கட்டமாகக் கோடு போட்டு நம்பர் எழுதினேன். கொதிக்கக் கொதிக்கக் கஞ்சி ஒரு கட்டத்துக்கு. சோப்புத் தண்ணீர் ஒன்றுக்கு, உப்புத் தண்ணீர் ஒன்றுக்கு. மிளகாயை அரைத்துக் கரைத்து ஒன்றுக்கு. சுத்த வினிகர் ஒன்றுக்கு. கடைசிக் கட்டத்துக்கு வெறும் பச்சைத் தண்ணீர், ஒப்பிட்டுப் பார்க்க. செக்யூரிட்டி எட்டிப் பார்த்து, "மார்கழி வர்றதுக்குள்ள கோலமா மேடம்?" என்றார். களை பிடுங்கும் பெண்கள் ஆறு பேரும் சாப்பாட்டுத் தூக்கோடு வந்து சுற்றி நின்றுவிட்டார்கள்.

"பச்சத்தண்ணிக்குமா நம்பரு?" என்று அந்த அக்கா கேட்டாள்.

"அதுக்குந்தான் எழுதணும்க்கா. இல்லன்னா எதுனால செத்துச்சுன்னு எப்படிச் சொல்லுதது?"

"சொல்லுததாம்" என்று அவர்கள் சிரித்துக்கொண்டே போனார்கள்.

கஞ்சி ஊற்றிய கட்டம் உடனே துவண்டது, ஆனால் கொதிகஞ்சியை லான் முழுக்க யார் சுமப்பது? மிளகாய்க்குப் புல் அசரவே இல்லை. சோப்புத் தண்ணீர் கட்டம் முன்னைவிடத் தளதளவென்று இருந்தது மாதிரி எனக்குப் பட்டது. உப்பு மூன்று நாள் கழித்து மெல்ல மஞ்சளித்தது. வினிகர் ஊற்றியதோ மூன்று மணிக்கே நிறம் மங்கி, மறுநாள் காலையில் கருகிக் கிடந்தது. தொட்டால் பொடியாக நொறுங்கியது. எனக்கு வந்த சந்தோஷம் சொல்லி மாளாது. ஒரு பழைய டைரியில் நாளும் நேரமும் போட்டு எழுதி வைத்தேன்.

அதோடு விட்டேனா? புளிப்புதானே கொல்கிறது, அப்படியானால் எந்தப் புளிப்பும் கொல்ல வேண்டுமே என்று அடுத்த கேள்வி. புளி கரைத்து ஊற்றினேன். ஒன்றும் ஆகவில்லை, எறும்புதான் வந்தது. கேன்டீனில் மீந்த புளித்த மோரை ஊற்றினேன். பத்து நாளில் அந்தக் கட்டத்துப் புல் கொழுகொழுவென்று ஆளைப் பார்த்துச் சிரித்தது. அக்கா அதைப் பார்த்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

"மோரு ஊத்துனா வளராம இன்னா பண்ணும்? நாளைக்கு அதுக்கு ஊறுகாயும் வெச்சுடு."

வினிகரிலேயே எத்தனை விதம் பார்த்தேன். காலையில் அடித்தால் நன்றாகக் கருகியது, சாயங்காலம் அடித்தால் பாதிதான். மப்பு மந்தாரமாக இருந்தால் சுத்தமாக வேலை செய்யவில்லை. அதற்கு வெயில் வேண்டும். இளம் முளை உடனே போயிற்று, முற்றின புல் முரண்டு பிடித்தது. கொஞ்சம் பாத்திரம் கழுவும் சோப்பைக் கலந்தால் இலையில் ஒட்டிக்கொண்டு நன்றாக எரித்தது. அறைத் தோழிகள் என் கை நாற்றம் தாங்காமல் சாப்பாட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தார்கள்.

ஒரு நாள் அக்கா பக்கத்தில் குந்தி, கருகின கோரை ஒன்றை விரலால் தட்டிப் பார்த்தாள். "மேல எரிஞ்சிடுச்சி, சரி. அடியில கெழங்கு கீதே, அதுவும் சாவுதா?"

"இலையே இல்லாம கிழங்கு மட்டும் எப்படிக்கா பொழைக்கும்?" என்றேன். பி.காம். படித்த தெனாவட்டு. தோண்டிப் பார்க்க வேண்டும் என்று எனக்கு அன்றைக்குத் தோன்றவில்லை. எல்லாவற்றையும் நோண்டுகிறவளுக்கு அது மட்டும் தோன்றவில்லை.

வெளிநாட்டு ஆட்களின் அடுத்த விசிட்டுக்கு இரண்டு நாள் முன்னால், நல்ல வெயிலில், ஸ்பிரேயர் ஒன்றை முதுகில் மாட்டிக்கொண்டு நடைபாதை முழுக்க நானே வினிகர் அடித்தேன். விசிட் அன்றைக்கு மேனேஜர் கேட்டிலிருந்து வாசல் வரை குனிந்தபடியே நடந்து வந்தார். ஒரு பச்சைத் தலை கூட அவர் கண்ணில் படவில்லை. நிமிர்ந்து என்னைப் பார்த்து, "எப்படிம்மா?" என்றார். சொன்னேன். கேன்டீன் வினிகர், ஆடிட்டர் வாயைத் திறக்க முடியாது. "வெரிகுட்மா. இதை உடனே கைசனா எழுதிக் குடு" என்றார்.

அந்தப் பக்கத்துக் கம்பெனிகளில் வேலை பார்த்தவர்களுக்குக் கைசன் என்றால் தெரியும். வேலையைச் சுலபமாக்க ஒரு யோசனை தோன்றினால் அதை ஒரு படிவத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். முன்னால் எப்படி இருந்தது என்று ஒரு போட்டோ, பின்னால் எப்படி ஆனது என்று ஒரு போட்டோ. கீழே வரிசையாகக் கட்டங்கள்: மிச்சமாகும் நேரம், மிச்சமாகும் பொருள், மிச்சமாகும் ஆட்கள். ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் படிவம் திரும்பி வந்துவிடும். குவாலிட்டி டிபார்ட்மென்டில் கேமரா இரவல் வாங்கிப் படம் எடுத்து ஒட்டினேன். நேரம், பொருள் எல்லாம் எழுதியாயிற்று. ஆட்கள் என்ற கட்டத்துக்கு வந்தபோது மணி ஐந்தரை, சுங்குவார்சத்திரம் பஸ் வெளியே உறுமிக்கொண்டிருந்தது. பிடுங்குவது ஆறு பேர், வினிகர் அடிக்க நான் ஒருத்தி போதும். 6 என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, மேனேஜர் மேஜையில் வைத்துவிட்டு ஓடிப்போய் பஸ் ஏறினேன்.

அந்த மாதத்துச் சிறந்த யோசனை என்னுடையது. காலை மீட்டிங்கில் எல்லோரும் கை தட்ட ஒரு ஃபிளாஸ்க் கொடுத்தார்கள். நோட்டீஸ் போர்டில் என் போட்டோவும் படிவமும் மாட்டினார்கள். மதியம் ஆறு பெண்களும் அதைப் பார்க்க வந்தார்கள். படிவம் ஆங்கிலத்தில் இருந்தது. அக்கா கண்ணாடியில் இருந்த தூசியை முந்தானையால் துடைத்துவிட்டு என் போட்டோவைப் பார்த்தாள்.

"இன்னா எழுதிகீது?"

"வினிகர் விஷயந்தான்க்கா."

"நல்லா இருப்பே. குந்திக் குந்தி முட்டி ரெண்டும் போச்சி. இனிமே கல்லு சந்துல நோண்ட வேணாம், லான் மட்டுந்தான், இல்ல?" என்று மற்றவர்களைப் பார்த்துச் சொன்னாள். அவர்களுக்கும் சந்தோஷம். நானும் தலையாட்டினேன். அவர்களுக்கு உதவி என்று நினைத்துத்தான் எழுதினேன் என்று இப்போது சொன்னால் அது பொய். அவர்களைப் பற்றி நான் நினைக்கவே இல்லை.

மாதக் கடைசியில் கான்ட்ராக்ட் புதுப்பிப்பார்கள். அடுத்த திங்கட்கிழமை தலை எண்ணப் போனேன், லானில் யாருமே இல்லை. செக்யூரிட்டி என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"அவங்கள நின்னுக்கச் சொல்ட்டாங்க மேடம். உங்க கைசன்தான்னு பேசிக்கிறாங்க."

மேனேஜர் அறைக்கு ஓடினேன். அவர் கோபப்படவில்லை. ஃபைலைத் திறந்து படிவத்தை என் பக்கம் திருப்பிக் காட்டினார். "நீதானேம்மா எழுதின? ஆறு. கையெழுத்தும் உன்னுதுதான். தலைமை அலுவலகத்துக்கே போயாச்சு."

"சார், அது கட்டம் காலியா இருக்கக் கூடாதுன்னு எழுதினது சார்."

"அப்படி யாராவது எழுதுவாங்களாம்மா?" என்றார்.

பிறகு நான்தான் தினமும் காலையில் ஸ்பிரேயரை மாட்டிக்கொண்டு அலைந்தேன். வினிகருக்குக் களை எது, விலை கொடுத்து வாங்கிய புல் எது என்றெல்லாம் தெரியாது. கோரைக்கு அடித்தது பக்கத்துப் புல்லையும் கருக்கி, லான் சொறி பிடித்த நாய் மாதிரி திட்டுத் திட்டாக ஆயிற்று. பத்துப் பன்னிரண்டு நாள் போயிருக்கும். அவர்கள் போன பிறகு முதலில் அடித்த நடைபாதையில், கருகின தலைக்குப் பக்கத்திலேயே, ஊசி ஊசியாகப் பச்சை. ஒன்று இருந்த இடத்தில் மூன்று.

அன்றைக்குத்தான் தோண்டினேன். லானின் ஓரத்தில், அந்தப் பெண்கள் ஸ்டோர் ரூமில் விட்டுப்போன களைக்கொத்து ஒன்றை எடுத்து ஒரு முழம் தோண்டினேன். கறுப்பான சின்னச் சின்னக் கிழங்குகள், நூல் மாதிரி வேரில் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு கீழே கீழே போய்க்கொண்டே இருந்தன. ஒன்றை நகத்தால் கிள்ளினேன். உள்ளே வெள்ளை வெளேரென்று, உயிரோடு இருந்தது. வினிகர் இலையை எரித்ததோடு சரி. கிழங்குக்கு மேலே நடந்தது எதுவும் தெரியாது. அக்கா கேட்ட கேள்விக்கு அன்றைக்கே ஐந்து நிமிஷம் தோண்டியிருந்தால் பதில் கிடைத்திருக்கும். வெட்கத்தில் எனக்கு அங்கேயே அழுகை வந்தது.

ஞாயிற்றுக்கிழமை மண்ணூரில் பஸ் இறங்கி, விசாரித்து விசாரித்து அவள் வீட்டுக்குப் போனேன். துணி துவைத்துக்கொண்டிருந்தாள். பிளாஸ்டிக் சேர் எடுத்துப் போட்டாள், தண்ணீர் கொடுத்தாள். முகத்தில் கோபம் தெரிந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

"அக்கா, கோரை திரும்ப வந்துட்டு."

"வராம எங்க போவும்?" என்றாள் சிரிக்காமல். "பெரிய பொண்ணுக்கு ஸ்கூல்ல இந்த மாசம் பீசு கட்டல. அவரு வேல தேடிகினு ஒரகடம் பக்கம் போயிகீறாரு. நானும் நாலு கம்பெனி கேட்ல நின்னு பாத்துட்டேன்."

"சார்ட்ட சொல்லி உங்கள மறுபடி எடுக்கச் சொல்லுதேன்க்கா. ஆறு பேரையும்."

பிழிந்துகொண்டிருந்த துணியை வாளியில் போட்டுவிட்டு அவள் என்னைப் பார்த்தாள். "ஆறு பேருன்னா யார் யாரு? சொல்லு, பாக்கலாம்."

வாயைத் திறந்தேன். அவள் பெயர் தெரியும். அவளுக்குப் பக்கத்தில் குந்துகிறவளை எல்லோரும் கூப்பிட்டுக் கேட்டிருக்கிறேன், அது தெரியும். அதற்கு மேல் வரவில்லை. சிவப்பு மூக்குத்திக்காரி, உயரமாக இருப்பாளே, இருமிக்கொண்டே இருப்பாளே என்றுதான் வந்தது.

"ஒண்ற வருசமா தெனம் எங்கள எண்ணிகினு போனே" என்றாள் அக்கா. குரலை உயர்த்தவே இல்லை. "மோரு ஊத்துன கட்டத்துக்கு நம்பர் போட்ட. பச்சத்தண்ணி ஊத்துன கட்டத்துக்கு இன்னா ஆச்சின்னு தேதி போட்டு எழுதின. எல்லாத்தயும் கேப்பே நீ. எங்கள ஒரு வார்த்த கேக்கல."

பிறகு, நான் கேட்காமலேயே, அவளே ஒவ்வொரு பெயராகச் சொன்னாள். ஒருத்தி விடிகாலை பஸ் பிடித்து வாலாஜாபாத் பக்கம் நாற்று நடப் போகிறாள். ஒருத்திக்கு இன்னொரு கம்பெனியில் கழிவறை கழுவும் வேலை. மூக்குத்திக்காரி மூக்குத்தியை அடகு வைத்துவிட்டாள். மற்ற இருவருக்கும் எதுவும் கிடைக்கவில்லை. கைப்பையில் இருந்தது அந்தப் பழைய டைரிதான். அதில் ஆறு பெயரையும் எழுதிக்கொண்டேன். இன்றைக்கும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டால் சொல்வேன். அவர்களைக் கேட்காததால் இங்கே எழுதவில்லை.

திங்கட்கிழமை மேனேஜரிடம் ஒரு கிழங்குக் கொத்தையே கொண்டுபோய் வைத்தேன். என் யோசனை தப்பு, வினிகர் மேலே மட்டும்தான் எரிக்கிறது, ஆறு பேரும் திரும்ப வேண்டும் என்று எழுதியும் கொடுத்தேன். அவர் கிழங்கையும் பார்த்தார், ஜன்னல் வழியாகத் திட்டுத் திட்டாக நின்ற லானையும் பார்த்தார். தலைமை அலுவலகம் பாராட்டிவிட்ட யோசனையைத் தப்பு என்று அவரால் எப்படிச் சொல்ல முடியும்? "நடைபாதைக்கு வினிகர் இருக்கட்டும். லானுக்கு மூணு பேர் எடுத்துக்கலாம். அதுக்கு மேல என்னால முடியாதும்மா" என்றார். "எந்த மூணு பேருன்னு நீயே சொல்லு. இனிமே வெறும் எண்ணிக்கை வேணாம், பேர் போட்டு அட்டென்டன்ஸ். தினம் காலையில கேட்ல நீ பேர் படிச்சு உள்ள அனுப்பணும்."

ஆறில் மூன்றை நான் எப்படிச் சொல்ல? இருமுகிறவளை விடவா, நாற்று நடப் போனவளை விடவா? இரண்டு நாள் சோறு இறங்கவில்லை, இந்தத் தடவை கேள்வியால் இல்லை. மறுபடி மண்ணூர் பஸ் ஏறி, நடந்ததை அப்படியே அக்காவிடம் சொன்னேன்.

"நீ யாரயும் சொல்லாத" என்றாள். "நாங்களும் சொல்ல மாட்டோம். நடவுல வேல கம்மியா கீது, ஆளு ஜாஸ்தியா கீதுன்னா இன்னா பண்ணுவோம்? மொற வெச்சிப்போம். இங்கயும் மொறதான். ஏதாவது மூணு பேரு எழுதிக் குடு."

டைரியில் முதலில் இருந்த மூன்று பெயரை எழுதிக் கொடுத்தேன். மூன்று கேட் கார்டு வந்தது, போட்டோ இல்லை, பெயர் மட்டும். திங்கள் முதல் புதன் வரை மூன்று பேர் வந்தார்கள். வியாழக்கிழமை அதே கார்டுகளோடு மற்ற மூன்று பேர் வந்தார்கள். செக்யூரிட்டிக்கு எல்லா முகமும் தெரியும். அவர் கார்டைப் பார்த்தார், முகத்தைப் பார்க்கவில்லை. ஆறு வீட்டிலும் அடுப்பு எரிந்தது, முன்னே எரிந்ததில் பாதி. எரியாத பாதி என் கையெழுத்தில் போனது என்று எனக்குத் தெரியும், அவர்களுக்கும் தெரியும். அக்கா அதன் பிறகு என்னைப் பாப்பா என்று கூப்பிடவில்லை, மேடம் என்றுதான் கூப்பிட்டாள்.

அந்த முதல் வியாழக்கிழமை காலை பதிவேட்டைத் திறந்துகொண்டு கேட்டில் நின்றேன். எதிரே மூன்று பேர். சிவப்பு மூக்குத்தி இல்லாத மூக்கும், இருமலும், அந்த உயரமும். மூன்று பேர் பெயரும் இப்போது எனக்கு நன்றாகத் தெரியும், வாய் நுனியில் இருந்தது. பதிவேட்டில் இருந்ததோ வேறு மூன்று பெயர். அதைத்தான் படித்தேன். கூப்பிடக் கூப்பிட ஒவ்வொருத்தியும், "வந்துட்டேன் மேடம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்க் குந்தினாள். அந்தக் கம்பெனியில் நான் இருந்த வரைக்கும், வாரத்தில் மூன்று நாள், பெயர் தெரிந்த மூன்று பெண்களை அவர்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டே வேறு பெண்களின் பெயரால் கூப்பிட்டேன்.